இருவர் சென்றால் இழுக்காம்!

தோழர்களே! குற்றப் பத்திரிகை ஒன்றைப் படிக்கிறேன், கேளுங்கள்.

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலே ஒரு பள்ளி ஆசிரியை, வயது இருபத்தாறு, கல்லூரியிலே கலைப்பட்டம் பெற்றவள். அவளும் அவளுடைய வாழ்க்கைத் துணைவரும் காலாண்டுத் தேர்வு விடுமுறையிலே இரண்டு நாள் புதுச்சேரிக்குச் சென்றனர். அங்கே உறவினர் வீட்டுத் திருமணம் இல்லை. எழவு இல்லை. மருத்துவரிடம் காட்டவேண்டிய நோய் இல்லை. தீர்க்கவேண்டிய நேர்த்திக்கடன் இல்லை. போனார்கள், கடலைப் பார்த்தார்கள், தெருக்களிலே நடந்தார்கள், பேசினார்கள், திரும்பினார்கள். இதுதான் குற்றம்! குற்றவாளிக் கூண்டிலே நிற்பவள் நான்.

விசாரித்த நீதிபதிகள் பலர். திண்ணையிலே அமர்ந்திருந்த பெரியவர் கேட்டார்: "ஏம்மா டீச்சர், பாண்டிச்சேரியில என்ன சோலி?" உறவுக்கார அம்மையார் ஒருவர் கேட்டார்: "மாமியாரை விட்டுட்டு, புருசனும் பொண்டாட்டியுமா மட்டும் போறதுக்கு அப்படி என்ன அவசரம்?" படித்த நண்பர் ஒருவர், பட்டங்கள் இரண்டு பெற்றவர், ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பிலே ஆயிரம் கேள்விகள் இருந்தன. மணக்குள விநாயகரைக் கும்பிடப் போனோம் என்று ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால், வழக்கே தள்ளுபடியாகியிருக்கும். திருநீறு எங்கே என்று மட்டும் கேட்டிருப்பார்கள். நான் பொய் சொல்லவில்லை. "சும்மா போனோம், ஓய்வுக்காகப் போனோம்" என்றேன். அந்த விடைதான் அவர்களைத் திடுக்கிட வைத்தது.

திடுக்கிடட்டும்! ஒரு பெண் ஓய்வுக்காக வெளியூர் போனாள் என்ற செய்தி, இடி விழுந்ததுபோல் ஒரு சமுதாயத்தைத் திகைக்க வைக்கிறது என்றால், அந்தச் சமுதாயம் அவளை என்னவாக எண்ணி வைத்திருக்கிறது என்பதைச் சிந்திக்க வேண்டாமா?

புதுச்சேரி என்ற பெயர் எங்கள் ஊருக்குப் புதிதா? புதிதே அன்று! ஆடவர் ஐந்து பேர் சேர்ந்து வாடகை வண்டி அமர்த்திக்கொண்டு வெள்ளிக்கிழமை இரவு புறப்படுகிறார்கள். ஞாயிறு மாலை கண் சிவந்து, கால் தள்ளாடி, கைப்பணம் கரைந்து வந்து சேர்கிறார்கள். எந்தத் திண்ணையாவது "எதற்குப் போனீர்கள்?" என்று கேட்டதுண்டா? "பசங்க ஜாலியா போயிட்டு வந்தாங்க" என்று புன்னகையோடு வழக்கு முடிந்துவிடுகிறது. மனைவியை வீட்டிலே விட்டுவிட்டு மதுவைத் தேடிப் போனால் அது பொழுதுபோக்கு; மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு கடலைத் தேடிப் போனால் அது ஒழுக்கக்கேடு! என்னே நீதி! என்னே நெறி!

"பெண்கள் வெளியே போகக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லையே! போகத்தானே செய்கிறார்கள்!" என்பர். ஆம், போகிறார்கள். முழுநிலா நாளிலே அரூர், ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை செல்லும் பேருந்துகளைப் பாருங்கள். பெண்கள் நிரம்பி வழிகிறார்கள். மலையைச் சுற்றிவர இரவெல்லாம் நடக்கிறார்கள். அமாவாசை வந்தால் செஞ்சிக்கு அருகே மேல்மலையனூரிலே பெண்கள் கூட்டம் அலைமோதுகிறது. இரவிலே நடக்கலாம், கூட்டத்திலே நசுங்கலாம், வெட்டவெளியிலே படுக்கலாம், ஊர் ஏதும் சொல்லாது. அதே சாலையிலே, திருவண்ணாமலையைத் தாண்டி, இன்னும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கிழக்கே போனால் கடல் இருக்கிறது. அந்த நூறு கிலோமீட்டரிலேதான் கற்பு கரைந்துவிடுகிறதா? கும்பிடுவோர் கும்பிடட்டும், அவர்களைத் தடுப்பதற்காக நான் பேனா பிடிக்கவில்லை. நான் கேட்பது இது: பெண் வீட்டைவிட்டு வெளியேற, கடவுளோ காலனோ கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு எதற்கு? அவளுக்கென்று ஒரு விருப்பம் இருத்தல் ஆகாதா?

இன்னொன்றும் கேட்கிறேன். கணவனும் மனைவியும் சேர்ந்து வெளியூர் போவதை இந்த மாவட்டம் அறியாததா? மழை பொய்த்துக் கேழ்வரகுக் கொல்லை காய்ந்தால், பிழைப்பைத் தேடி இருவராய்த்தானே புறப்படுகிறார்கள் எங்கள் மக்கள்! தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போகிறார்கள். அவன் செங்கல் அடுக்குகிறான். அவள் கலவைச் சட்டி சுமக்கிறாள். யாரோ குடியேறப் போகும் மாடி வீட்டின் அருகே தகரக் கொட்டகையிலே இருவரும் உறங்குகிறார்கள். அப்போது எந்தப் பெரியவராவது "புருசனும் பொண்டாட்டியுமா மட்டும் எங்கே போறீங்க?" என்று வழிமறித்தாரா? இல்லை. உழைக்க இருவராய்ப் போகலாம். ஓய்வுக்கு இருவராய்ப் போனால் இழுக்கு! சுமக்கும்போது துணை, சுகிக்கும்போது தனி! இதுதான் இவர்கள் கட்டிக் காக்கும் பண்பாட்டின் உள்ளடக்கம்.

"இது மேல்நாட்டு நாகரிகம், தமிழனுக்கு ஆகாது" என்று ஒரு குரல் கேட்கிறது. இந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாது என்றுதான் சொல்லவேண்டும். அகப்பாடல்களிலே, தலைவனும் தலைவியும் ஊரைவிட்டு ஒன்றாய்ச் செல்லும் 'உடன்போக்கு' என ஒரு துறையே வகுத்து வைத்தவர்கள் தமிழர்கள். அந்த வழியை இழிவென்று எந்தப் புலவரும் பழிக்கவில்லை. அதுமட்டுமா? எங்கள் தருமபுரி அந்நாளைய தகடூர். அதியமான் ஆண்ட நாடு. அந்த அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் யார்? ஔவை என்ற பெண்! மாமியார் துணைக்கு வந்தாரா என்று அந்நாளிலே யாரும் கேட்டதாகப் புறநானூற்றிலே குறிப்பில்லை. அரசியல் தூதுக்குப் பெண்ணை அனுப்பிய மண், இன்று ஓர் ஆசிரியை தன் கணவரோடு கடலைப் பார்த்து வந்ததற்குக் கணக்குக் கேட்கிறது.

சரி, அந்தப் புதுச்சேரிதான் என்ன? அங்கே சென்று காணத்தக்கதுதான் என்ன?

போகிறவர்களில் பலர் காண்பது சுவர்கள். மஞ்சள் வண்ணச் சுவர், வெள்ளைக் கரை, வாயிலிலே காகிதப்பூக் கொடி, தெருமுனையிலே பிரெஞ்சு மொழியிலும் தமிழிலும் எழுதிய நீலப் பலகை. துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி என்று பெயர்களைப் படித்துவிட்டுச் சுவரிலே சாய்ந்து கைப்பேசியிலே படம் பிடித்துக்கொள்கிறார்கள். "ஆகா, பாரிசிலே இருப்பதுபோலவே இருக்கிறது!" என்று வியக்கிறார்கள். நாங்களும் அந்தத் தெருக்களிலே நடந்தோம். அழகை அழகென்று ஒப்புக்கொள்வதிலே தவறில்லை. ஆனால், அந்தப் பகுதியை இன்றும் 'ஒயிட் டவுன்' என்று கூசாமல் அழைக்கிறார்களே, அதன் பொருள் என்ன? வெள்ளையர் நகரம்! நடுவே ஒரு வாய்க்கால். கடற்புறம் வெள்ளையர் குடியிருப்பு. வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் குடியிருப்பு. அதற்கு அவர்கள் இட்ட பெயர் கறுப்பு நகரம். ஊருக்கும் சேரிக்கும் நடுவே நம்மவர் போட்ட கோட்டை, அவர்கள் தண்ணீர் விட்டுக் காட்டினார்கள், அவ்வளவுதான் வேறுபாடு!

பிரெஞ்சுக் கம்பெனியாருக்காக பிரான்சுவா மார்த்தேன் அங்கே குடியேறியது 1674இல். 1761இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றி இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765இல்தான் அது மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இன்று படம் பிடிக்கப்படும் சுவர்கள் அதன் பிறகு எழுந்தவை. 1954 நவம்பர் முதல் நாளிலே ஆட்சி கைமாறிற்று. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. இவை பள்ளிப் பாடங்கள். பாடநூலிலே இல்லாதவற்றை அறிய, வாய்க்காலைத் தாண்ட வேண்டும்.

தாண்டினோம். திண்ணையும் தாழ்வாரமும் வைத்த தமிழ் வீடுகள் நிற்கும் தெருக்கள் அங்கே. பெரிய அங்காடியை ஒட்டி ஆனந்தரங்கர் மாளிகை நிற்கிறது. துய்ப்ளேக்சு ஆளுநராக இருந்த காலத்திலே தலைமைத் துபாசியாக விளங்கிய அவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். சீமான்களின் செய்தியோடு சிறியோரின் துன்பமும் அதிலே பதிந்துள்ளது. ஏழை மக்களை ஏய்த்துப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமையை எழுதியிருக்கிறார். மாதா கோவிலுக்குள்ளே, தாழ்த்தப்பட்ட கிறித்தவரையும் ஏனைய கிறித்தவரையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றி 1745இல் எழுதியிருக்கிறார். அந்தச் சுவரை எடுக்க வேண்டும் என்று தாழ்த்தப்பட்டோர் முறையிட்டனர். எடுத்தபோது சாதியார் சீறினர். மதம் மாறியது, சுவர் மாறவில்லை!

1873இல் இதே புதுச்சேரியிலே பொன்னுத்தம்பி என்ற வழக்கறிஞர், காலிலே ஐரோப்பியர் அணியும் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். இந்தியனுக்கு அந்தக் காலணி ஆகாது என்று வெளியேற்றினார்கள். அவர் அடங்கவில்லை, பாரிசிலே உள்ள உயர்ந்த நீதிமன்றம் வரை சென்று வென்றார். ஒரு சோடிக் காலணிக்காகக் கடல் கடந்து போராட்டமா என்று எள்ளாதீர்! செருப்பணிந்து நடந்ததற்காகத் தாழ்த்தப்பட்ட இளைஞனை அடிக்கும் தெருக்கள் தமிழ்நாட்டிலே இன்னும் இருக்கின்றன. நடக்கும் உரிமை சிறிய உரிமை அன்று. யார், எந்தத் தெருவிலே, எதை அணிந்து, யாரோடு நடப்பது என்பதிலேதான் அடிமைக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது.

இனி நான் சொல்லப்போவதை, புதுச்சேரிக்குப் போகும் ஒவ்வொரு இணையரும் மனத்திலே பதித்துக்கொள்ள வேண்டும்.

1936ஆம் ஆண்டு சூன் திங்கள். பிரெஞ்சு நாட்டிலே லியோன் பிளம் தலைமையிலே மக்கள் முன்னணியின் ஆட்சி. தொழிலாளர்கள் ஆலைகளிலே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர், வென்றனர். ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு, வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்று சட்டங்கள் பிறந்தன. அந்தக் கோடையிலே, அதுவரை கடலையே கண்டிராத எத்தனையோ தொழிலாளர்கள் மனைவியரோடு கடற்கரைக்குப் போனார்கள். இருவர் சேர்ந்து மிதிக்கும் மிதிவண்டியிலே ஆணும் பெண்ணுமாய்ச் சென்ற காட்சிதான் அந்த ஆண்டின் நினைவுச் சின்னமாக அந்நாட்டிலே நிலைத்துவிட்டது. ஓய்வு என்பது சீமான்களின் சொத்து என்றிருந்த காலம் போய், உழைப்பவனின் உரிமை என்று எழுதப்பட்ட கோடை அது.

அதே கோடையிலே, அதே கொடியின் கீழே, புதுச்சேரியிலே என்ன நடந்தது?

பஞ்சாலைத் தொழிலாளர்கள் நீண்ட நேர வேலையால் நைந்து கிடந்தனர். வேலை நேரத்தைக் குறை, கூலியை உயர்த்து, சங்கம் அமைக்க உரிமை கொடு என்று கேட்டனர், வேலைநிறுத்தம் செய்தனர். வ. சுப்பையா போன்றோர் அவர்களைத் திரட்டினர். 1936 சூலை 30 அன்று, பிரெஞ்சுப் படை அவர்கள்மீது சுட்டது. பன்னிரண்டு தொழிலாளர்கள் மாண்டனர். பாரிசிலே ஓய்வுக்குச் சட்டம். புதுவையிலே ஓய்வு கேட்டவனுக்குத் துப்பாக்கிக் குண்டு! விடுதலை, சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களும் கப்பலேறி வரும் வழியிலே கடலிலே விழுந்துவிட்டன போலும்! ஆயினும் சிந்திய குருதி வீண்போகவில்லை. 1937இலே எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவிலும் சட்டமாயிற்று. இன்றும் சூலை 30 வந்தால் புதுவைத் தொழிலாளர்கள் அந்தப் பன்னிருவருக்கு வணக்கம் செலுத்துகிறார்கள். அவர்கள் உழைத்த ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. அவர்கள் பெற்றுத் தந்த உரிமை மூடப்படவில்லை.

புதுச்சேரிக் கடற்கரையிலே காற்று வாங்குகிறவர்களே! நீங்கள் வாங்கும் காற்றுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள். வாரத்திலே ஒரு நாள் விடுமுறை, ஆண்டிலே சில நாள் விடுப்பு என்று இன்று நாம் இயல்பாகப் பெறுபவை எல்லாம், கேட்டும் போராடியும் செத்தும் பெற்றவை. தானாகக் கனிந்து மடியிலே விழுந்த பழம் எதுவும் இல்லை.

ஆனால், தோழர்களே, அந்த எட்டு மணி நேரச் சட்டம் ஓரிடத்திலே மட்டும் இன்னும் நுழையவில்லை. அந்த ஆலைக்குச் சங்கு இல்லை. ஆனால் விடியுமுன் வேலை தொடங்குகிறது. அதற்குக் கதவடைப்பு இல்லை, கணக்கப்பிள்ளை இல்லை, சம்பள நாள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லவே இல்லை. விருந்தினர் வரும் ஞாயிறோ, மற்ற நாளைக் காட்டிலும் கொடிது! அந்த ஆலையின் பெயர் அடுப்படி. அதன் தொழிலாளி மனைவி.

நான் மிகைப்படுத்துகிறேனா? நடுவண் அரசு 2019இலே நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்கள். கூலியில்லா வீட்டு வேலையிலே நூற்றுக்கு 81 பெண்கள் ஈடுபடுகிறார்கள். ஆண்களிலே 26 பேர். அப்படி ஈடுபடும் பெண் நாள்தோறும் அதற்குக் கொடுப்பது 299 நிமிடம். ஆண் கொடுப்பது 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! பிள்ளையைக் கவனிப்பதும் முதியோரைப் பேணுவதும் இதிலே சேராத தனிக் கணக்கு. கொல்லையிலும் ஆலையிலும் பள்ளியிலும் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்த வேலையும் தனி. எட்டு மணி நேரத்துக்காகப் போராடிய தொழிலாளியே, வீட்டுக்கு வந்ததும் முதலாளியாகிவிடுகிறான், "காப்பி எங்கே?" என்று கேட்கிறான். செங்கொடி பிடித்த கையானாலும் சரி, கறுப்புச் சட்டை போட்ட தோளானாலும் சரி, சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவும்போதுதான் அதன் கொள்கை எனக்கு விளங்கும்.

ஆகவேதான் சொல்கிறேன்: கணவனும் மனைவியும் இரண்டு நாள் வெளியூர் போய்வருவது ஆடம்பரம் அன்று, அடுப்படித் தொழிலாளிக்குரிய சம்பளமில்லா உழைப்பிலிருந்து இரண்டு நாள் விடுப்பு. அதுவும் அவளைத் தனியே அனுப்பி "போய் இளைப்பாறிவிட்டு வா, வந்ததும் சேர்த்துத் துவை" என்பதன்று. இருவரும் ஒரே நேரத்திலே வேலையின்றி இருப்பது. ஒருவர் அமர, ஒருவர் பரிமாறாமல், இருவருக்கும் வேறொருவர் பரிமாறுவது. இதனைச் சிறிய செய்தி என்பவர்கள், தம் தாய் உட்கார்ந்து உண்ண, தந்தை பரிமாறியதை எத்தனை முறை பார்த்தார்கள் என்று எண்ணிச் சொல்லட்டும்!

அங்கே ஒரு விடுதியிலே அறை கேட்டோம். பேரேட்டைத் திருப்பிப் பணியாளர் எழுதினார்: என் துணைவரின் பெயர், தொழில், ஊர், கைப்பேசி எண், அவற்றின் கீழே ஒரே சொல்: 'பேமிலி'. அந்தப் 'பேமிலி' நான்தான். பல்கலைக்கழகம் பட்டத்திலே எழுதிய என் பெயரை, பேரேடு எழுத மறுத்தது. என் துணைவர் பேனாவை வாங்கி என் கையிலே கொடுத்தார். அந்தச் சொல்லை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். பணியாளர் நல்லவர்; வெட்கத்தோடு சிரித்தார்; "பழக்கதோசம் மேடம்" என்றார். ஆம், பழக்கத்தின் கோளாறுதான்! அதைத் திருத்தத்தானே பகுத்தறிவு!

மறுநாள் பெருமாள் கோவில் தெருவுக்குச் சென்றோம். பாவேந்தர் பாரதிதாசன் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. 1909 முதல் 1946 வரை பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர். அதனாலே எனக்கு அங்கே தனிப் பெருமிதம். 'குடும்ப விளக்கு' எழுதியவரின் வீடல்லவா! மேடைகளிலே அந்த நூலைப் பலர் புகழ்கிறார்கள். ஆனால், புகழ்வோர் பெரும்பாலும் முதற்பகுதியோடு நின்றுவிடுகிறார்கள். குடும்பத்தலைவி விடியலிலே எழுந்து இரவு வரை உழைக்கும் ஒருநாள் நிகழ்ச்சி அது. "பார், பெண் என்றால் இப்படி இருக்கவேண்டும்!" என்று மகளிடம் காட்ட, அது வசதியாக இருக்கிறது. ஐந்தாம் பகுதியைத் திறப்பவர் சிலரே. அதன் பெயர் 'முதியோர் காதல்'. நரைத்த பின்னும் ஒருவரை ஒருவர் நேசிக்கும் இணையரை அங்கே காட்டியிருக்கிறார் பாவேந்தர். உழைப்பை எடுத்துக்கொண்டு அன்பை விட்டுவிடுகிறவர்கள், நூலைப் படிக்கவில்லை. நூலிலே வேலைக்காரியைத் தேடுகிறார்கள்!

முதியோர் என்றதும் என் மாமியார் நினைவுக்கு வருகிறார். "மாமியாரை விட்டுவிட்டுப் போனாயே" என்று நீதிபதிகள் இடித்துரைத்தார்கள் அல்லவா? நீதிபதிகள் எல்லாரும் எழுந்துபோன பிறகு, அவர் என்னிடம் மெல்லக் கேட்டார்: "கடல் தண்ணி நெசமாவே உப்பாவா இருக்குது கண்ணு?" ஐம்பத்தெட்டு வயது! ஐந்து பிள்ளைகளைப் பெற்று, கொல்லையிலே களை எடுத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, மூன்று தலைமுறைக்கு உலை வைத்த அந்த அம்மை, கடலைப் பார்த்ததில்லை. திருவண்ணாமலைக்குப் பலமுறை போயிருக்கிறார், யாருக்காக? மகனின் தேர்வுக்காக, மகளின் பிள்ளைப்பேற்றுக்காக, கணவனின் நோய்க்காக. தமக்காக ஓர் அடி நடந்ததில்லை. மருமகளின் எதிரி மாமியார் என்று நாடகங்கள் காட்டுகின்றன, பொய்! அவர் அதே ஆலையிலே எனக்கு முன்னே சேர்ந்த தொழிலாளி. ஓய்வூதியமின்றி இன்னும் உழைப்பவர். "அத்தை, அடுத்த விடுமுறையிலே நீங்களும் மாமாவும் போய்வாருங்கள்; வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றேன். "இந்த வயசுலயா! ஊரு சிரிக்கும்" என்றார் மாமனார். பாருங்கள், வயது குறைவென்றால் "என்ன அவசரம்" என்கிறார்கள். வயது கூடினால் "இந்த வயதிலா" என்கிறார்கள். பெண்ணின் ஓய்வுக்குத் தகுந்த வயது எதுதான்? சுடுகாட்டுக்குப் போகும் வயதா?

"செலவு ஆகுமே" என்று சிக்கனம் பேசுவோரும் உண்டு. மகள் பூப்பெய்தியதை ஊருக்கு அறிவிக்கப் பந்தல் போட்டு, பதாகை கட்டி, ஒலிபெருக்கி அலற, வட்டிக்கு வாங்கி விருந்து வைக்கிறார்களே, அப்போது சிக்கனம் எங்கே ஒளிந்துகொள்கிறது? நாங்கள் போனது அரசுப் பேருந்து. தங்கியது எளிய விடுதி. உண்டது சாதாரண உணவு. கடலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 2021 மே திங்கள் முதல் தமிழ்நாட்டிலே நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பேருந்து புதுச்சேரி வரை போகாது என்பது உண்மைதான். ஆயினும், அரசு பயணச்சீட்டைத் தந்த பிறகும், வீடு அனுமதிச் சீட்டைத் தராமல் எத்தனை பெண்களை நிறுத்தி வைத்திருக்கிறது! புதுச்சேரி எட்டாதவர்க்கு ஒகேனக்கல் எட்டும். அதுவும் எட்டாதவர்க்கு ஊர் ஏரிக்கரை எட்டும். தொலைவு பெரிதன்று, இருவரும் வேலையின்றிச் சேர்ந்து அமர்வதே பெரிது.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் முடித்தால் நான் தருமபுரி மாவட்டத்தவள் ஆகமாட்டேன். 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்து இருவர் மணந்துகொண்டதைச் சாக்காக வைத்து, நாயக்கன்கொட்டாயை அடுத்த நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகளைச் சூறையாடித் தீ வைத்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் பாழாயின. இரண்டு பேர் சேர்ந்து நடக்க விரும்பினார்கள். மூன்று ஊர்கள் எரிந்தன! இத்தகைய மண்ணிலே, ஓர் ஆணும் பெண்ணும் தம் விருப்பப்படி தோளோடு தோள் சேர்ந்து பட்டப்பகலிலே நடப்பது வெறும் பொழுதுபோக்கு ஆகுமா? "எங்கே போனீர்கள், எதற்குப் போனீர்கள், யாரைக் கேட்டுப் போனீர்கள்" என்று திண்ணை கேட்கும் கேள்வியும், அன்று தீப்பந்தம் கேட்ட கேள்வியும் ஒரே கேள்விதான். ஒன்று சிரித்துக் கேட்கிறது; மற்றொன்று எரித்துக் கேட்கிறது. இருவர் வாழ்வை இருவரே முடிவு செய்வதா என்ற ஆத்திரமே இரண்டுக்கும் வேர்.

ஆகவே, இளைஞர்களே! திருமணத்திலே உறுதிமொழி கூறுகிறீர்கள். "இன்பத்திலும் துன்பத்திலும் சம பங்கு" என்கிறீர்கள். துன்பத்திலே பங்கு தானாக வந்துவிடும். இன்பத்திலேதான் ஏமாற்று நடக்கிறது. ஆதலால் இன்னொரு வரியைச் சேர்த்துச் சொல்லுங்கள்: "ஆண்டிலே சில நாளாவது, வேலையின்றி, வேண்டுதலின்றி, யாருக்கும் கணக்குச் சொல்லாமல், நாங்கள் இருவரும் சேர்ந்து ஓய்ந்திருப்போம்." சொல்லிவிட்டு மறந்துவிடாதீர்கள். புதுச்சேரிக்குப் போனால் மஞ்சள் சுவரோடு நின்றுவிடாதீர்கள், வாய்க்காலைத் தாண்டுங்கள், பன்னிருவரை நினையுங்கள், பாவேந்தர் வீட்டிலே தலைவணங்குங்கள். திரும்பி வரும்போது உங்கள் தந்தையின் கையிலே இரண்டு பயணச்சீட்டுகளைக் கொடுத்து, "அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள்" என்று சொல்லுங்கள். ஊர் சிரிக்கும் என்பார். சிரிக்கட்டும்! ஊர் சிரித்து ஓய்வதற்குள், அந்த அம்மை கடலிலே கால் நனைத்திருப்பாள்.